இரண்டு வருடம் கேட்காத பெயர்

குணவதியைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவரை நல்லவர் என்கிறார்கள். அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட எனக்கு மனம் வருவதில்லை. யாருக்கும் கெடுதல் செய்ய வாய்ப்பில்லாமலே நல்லவராக வாழ்ந்து முடிக்கிறவர்கள் நிறையப் பேர். குணவதி ஒருமுறை ஒருவருக்குச் சிறிய துரோகம் ஒன்று செய்தார். அதைச் சரிசெய்ய அவருக்கு ஏழு கிழமை பிடித்தது. அவரைப் பற்றி நான் எழுத நினைத்ததற்கு அந்த ஏழு கிழமைதான் காரணம்.

யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் பிறந்தவர். கலியாணத்துக்கு முன் ஒரு சங்கக்கடையில் துணி அளந்து கொடுத்தார். கணவர் கதிர்காமநாதன் கொழும்பில் எழுதுவினைஞர். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலும் இருக்க முடியவில்லை, ஊரிலும் இருக்க முடியவில்லை. எண்பத்தாறு ஆனியில், கதிர்காமநாதனின் தமையன் எடுத்துக்கொடுத்த விசாவில், மகள் கௌரியோடு நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒடாஹுஹுவில் வாடகைக்கு ஒரு பலகை வீடு. கதிர்காமநாதனுக்குப் பென்ரோஸில் ஒரு கிட்டங்கியில் வேலை. குணவதிக்கும் அங்கேயே, இரண்டு தெரு தள்ளி, சுவிட்ச் பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது.

அந்த வேலையை இரண்டு பேர் எதிரெதிரே இருந்து செய்ய வேண்டும். ஒருவர் சின்ன பிளாஸ்டிக் பையில் நான்கு ஸ்குரூ, இரண்டு தகடு, மடித்த தாள் ஒன்று போட்டு நீட்டுவார். மற்றவர் அதைச் சூட்டில் அழுத்தி ஒட்டிப் பெட்டியில் போடுவார். ஒருவர் தாமதித்தால் மற்றவர் கை சும்மா இருக்கும். குணவதி பை நிரப்பினார். எதிரே இருந்து ஒட்டியவர் எர்லிண்டா.

எர்லிண்டா பிலிப்பைன்ஸில் செபு என்ற தீவைச் சேர்ந்தவர். கிரகாம் என்ற நியூசிலாந்து லொறிச் சாரதி கடிதம் எழுதிக் கலியாணம் செய்து எண்பத்திரண்டில் கூட்டிவந்தார். குணவதியைவிட ஐந்து வயது இளையவர். இருவருக்கும் இருந்தது அரைகுறை ஆங்கிலம். ஆனால் இருவரின் ஆங்கிலமும் வேறு வேறு இடத்தில் குறைந்திருந்ததால் சேர்த்துப் பார்த்தால் முக்கால் தேறியது. குணவதி என்பது அவர் வாயில் குணா ஆயிற்று. வீட்டுக்கு வெளியே அந்த நாட்டில் குணவதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட இருந்த ஒரே ஆள் அவர்தான். மேற்பார்வையாளருக்கு அவர், மற்ற எல்லாப் பெண்களையும் போல, 'லவ்'. பஸ் சாரதிக்கும் 'லவ்'.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மேசையில் எர்லிண்டா ஒரு துணியை அவிழ்த்தார். உள்ளே வாழை இலையில் சுற்றி அவித்த இரண்டு உருளைகள், ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டியபடி இருந்தன. குணவதி தன்னை மறந்து தமிழில் கத்தினார்:

"ஐயோ, கொழுக்கட்டை!"

எர்லிண்டா நிமிர்ந்து பார்த்தார். கட்டை அவிழ்த்து ஒன்றை அவரிடம் நீட்டினார். ஒட்டரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, கொஞ்சம் சீனி, உப்பு. மீன் இல்லை, இறைச்சி இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிற குணவதி தைரியமாகச் சாப்பிட்டார். நம் கொழுக்கட்டை மாவில் செய்வது, உள்ளே பயறும் சர்க்கரையும் வைப்பது, இஞ்சியை அதற்கு அருகிலும் விடுவதில்லை. ஆவியையும் இலையையும் தவிர இரண்டுக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை. அதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் அன்றுதான் முதல்முறை சிரித்தார்.

"என்ன சொன்னாய்?" என்று கேட்டார் எர்லிண்டா. குணவதி சொன்னார். எர்லிண்டா இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அவருக்கு ழகரம் வரவில்லை, அடுத்த கிழமை முழுவதும் பை ஒட்டிக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் வரவு அட்டையை மெஷினில் குத்தும்போதே, "குணா, இன்றைக்குக் கொழுக்கட்டே!" என்று சொல்வார். குணவதிக்கு அது பெரிய சந்தோஷம். வீட்டிலும் அது 'எர்லிண்டாவின்ர கொழுக்கட்டை' ஆனது.

தெரியாத பொருளுக்குத் தெரிந்த பெயரை வைப்பது புது இடத்துக்கு வருகிற எல்லாரும் செய்வது. அதில் ஓர் அன்பும் உண்டு. அந்தப் பொருளை வீட்டுக்குள் கூட்டிவருகிறோம். ஆனால் பெயர் வைத்த கணத்தோடு கேள்வி நின்றுவிடுகிறது. எர்லிண்டாவின் தாய் கடலோரத்தில் இருக்கிறார், தங்கைக்கு நான்கு பிள்ளைகள், கிரகாம் நல்ல மனிதர், ஆனால் இந்தச் சோற்றை வாயில் வைக்கமாட்டார், 'ஒட்டுற சாமான்' என்பார் என்பதெல்லாம் இரண்டு வருடத்தில் குணவதிக்குத் தெரிந்திருந்தது. அந்த உணவை எர்லிண்டாவின் ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை. அதுதான் கொழுக்கட்டை ஆயிற்றே.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஆவணியில் அன்னபாக்கியம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். ஊரில் ஆசிரியையாக இருந்தவர். ஓக்லாந்துத் தமிழர் கூடிச் செய்யும் பூசைகளுக்கு யார் என்ன கொண்டுவருவது என்ற பட்டியல் அவர் கையில் இருந்தது.

"குணவதி, பிள்ளையார் சதுர்த்திக்கு உம்மட பேருக்கு நேர கொழுக்கட்டை எண்டு போட்டிருக்கிறன். நூறு காணும்."

"நூறோ அக்கா?"

"நூறுதான். இந்த முறை மலேசியாக்காரரும் வருகினம். எங்கட ஆக்களுக்குக் குறைஞ்சாலும் பரவாயில்லை, வாற ஆக்களுக்குக் குறையக் கூடாது. எனக்கு மானம் போகும்."

அந்தச் சமூகத்தில் பட்டியலில் பெயர் வருவது சின்ன விஷயம் இல்லை. போன இரண்டு வருடமும் குணவதிக்குக் கிடைத்தது மண்டபம் கூட்டுகிற வேலை. இந்த முறைதான் அடுப்புக்கு வந்திருந்தார்.

கடையில் வாங்கிய அரிசிமா சதி செய்தது. வறுத்தால் கருகியது, வறுக்காமல் பிசைந்தால் வெடித்தது. முதல் தடவை அவித்த பன்னிரண்டில் ஒன்பது வாய் பிளந்து பயறு வெளியே வந்தது. இரண்டாம் தடவை பன்னிரண்டும். பதின்மூன்று வயதுக் கௌரி பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, இதுகளுக்கு அம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"போடி அங்கால!"

மறுநாள் பை நிரப்பும்போது எர்லிண்டாவிடம் சொன்னார். எர்லிண்டா ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வேலை முடிய உன் வீட்டுக்கு வருகிறேன். என்னுடையதைச் செய்வோம். அது வெடிக்காது." சொன்னது போலவே ஒட்டரிசி ஊறவைத்துக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுத் தொங்கா தீவுக்காரர், குளிரில் காய்க்க மறுத்த தன் வாழைகளிலிருந்து இலை வெட்டிக் கொடுத்தார். இலையை அடுப்பில் வாட்டி, அரைவேக்காட்டுச் சோற்றைத் தேங்காய்ப்பாலோடு கிளறி, விரல் நீளத்துக்குச் சுற்றினார்கள். இரண்டு இரண்டாகக் கட்ட வேண்டும் என்று எர்லிண்டா பிடிவாதமாக இருந்தார். ஒன்றின் மடிப்பு மற்றதன் மடிப்பைப் பார்க்க வைத்து, வாழைநாரால் இரண்டு இடத்தில் கட்டு.

"தனியாகக் கட்டினால் என்ன?" என்றார் குணவதி.

"தனியாக இருந்தால் திறந்துகொள்ளும். இது அதற்குக் கதவு, அது இதற்குக் கதவு."

ஐம்பது சோடி. அவித்து இறக்கியபோது நேரம் ஒன்பதாகவில்லை. குணவதி உள்ளம் குளிர்ந்து, "நீயும் நாளைக்கு வா. எங்கள் சாமியைப் பார்" என்று கூப்பிட்டார். கதிர்காமநாதனுக்குச் சனிக்கிழமை வேலை. பாத்திரங்களைக் கொண்டுபோகக் காரும் தேவைப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு காரணமும் உண்மை.

எர்லிண்டா சனிக்கிழமை வந்தபோது கழுத்தில் லேஸ் வைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "பூக் கொண்டுவரலாமா என்று கேட்காமல் விட்டுவிட்டேன். கொண்டுவந்தேன்" என்று மஞ்சள் பூங்கொத்து ஒன்றைக் காட்டினார். வெளியே மழை. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு மேசைக்குப் பட்டுச் சேலை சுற்றி, அதன்மேல் ஒரு முழ உயரப் பித்தளைப் பிள்ளையார் இருந்தார்.

குசினியில் குணவதி பாத்திரத்தைத் திறந்தார். ஆளுக்கு ஒன்று என்றால் சோடியாக வைக்க முடியாது. கத்தரிக்கோல் எடுத்து நார்களை வெட்டத் தொடங்கினார்.

"ஏன் வெட்டுகிறாய்?" என்றார் எர்லிண்டா.

"நூறு பேர்."

எர்லிண்டா திறந்துகொண்டவற்றை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினார். அப்போது அன்னபாக்கியம் அக்கா உள்ளே வந்தார். பின்னால் ஜெயா, ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ்ப் பெண், பாங்கில் வேலை.

"என்ன குணவதி, இலையில சுத்திக் கிடக்கு?"

ஜெயா ஒன்றை மூக்கருகே பிடித்தார். "வாசம் நல்லா இருக்கே! எங்க ஊருல ஒட்டரிசியில செய்யற புலுட் மாதிரி இருக்கு அக்கா. யாரு செஞ்சது?"

அன்னபாக்கியம் அக்காவின் கண் எர்லிண்டாவின் கழுத்தில் தொங்கிய சின்னச் சிலுவையில் போய் நின்று திரும்பியது. "ஆர் அவிச்சது?" என்று அவரும் கேட்டார். அவர் குரலில் குற்றம் ஒன்றும் இல்லை. அந்தக் கண்ணோட்டத்தைக் குணவதிதான் குற்றமாகப் படித்தார். படைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டால்? நூறும் வீண். பட்டியலில் பெயரும் வீண்.

"நான்தான் அக்கா," என்று நெஞ்சில் கை வைத்தார். "இது இலைக்கொழுக்கட்டை. எங்கட அம்மா செய்யிறவ."

அம்மாவை இழுத்திருக்கத் தேவையில்லை. ஆனால் பொய் தனியாக நிற்கப் பயப்படும். பக்கத்தில் ஒன்றை நிறுத்தச் சொல்லும்.

"உவ ஆர்?"

"என்னோட வேலை செய்யிறவ. காரில கொண்டுவந்து விட்டவ."

எர்லிண்டாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு சொல் தெரியும். ஒரு கிழமை முழுவதும் வாய்க்குள் உருட்டிப் பழகிய சொல். அது காதில் விழுந்தது; நெஞ்சில் வைத்த கையையும் அவர் பார்த்தார். மடித்துக்கொண்டிருந்த இலையை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

படையல் முடிந்து நூறும் போயிற்று. "குணவதி, கைதேர்ந்த ஆள் நீர்! இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சிருந்தனீர்" என்று சொல்லி அன்னபாக்கியம் அக்கா இன்னும் இரண்டு கேட்டு வாங்கினார். எர்லிண்டா பின்வரிசைக் கதிரையில் கடதாசித் தட்டோடு இருந்தார். மஞ்சள் பூங்கொத்து அவர் மடியிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மழை கனத்தது.

"அவர்களுக்குப் பிடித்ததா?"

"நல்லாப் பிடித்தது."

"என்ன சொன்னார்கள்?"

"நல்ல ருசி என்று சொன்னார்கள்."

"யாருக்குச் சொன்னார்கள்?"

குணவதி கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் பாத்திரத்தோடு இறங்கி, "தாங்க்யூ எர்லிண்டா" என்றார். கார் போய்விட்டது.

திங்கட்கிழமை எதிர்க்கதிரையில் ஒரு சமோவாப் பெண் இருந்தார். எர்லிண்டா இடம் மாற்றிக் கேட்டிருந்தார். மேற்பார்வையாளர் ஏன் என்று கேட்கவில்லை. சமோவாப் பெண் நல்லவர், குணவதியைவிட வேகமானவர். எர்லிண்டா இரண்டு வரிசை தள்ளி முதுகு காட்டி இருந்தார். வெள்ளிக்கிழமை வந்தது. எர்லிண்டா பாண் சாப்பிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையும் பாண்.

கதிர்காமநாதன் பகிடிக்காரர். மூன்றாவது வெள்ளிக்கிழமை பின்னேரம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இஞ்சரும், எர்லிண்டாவின்ர கொழுக்கட்டை வரவர எங்கட வீட்டுப் பக்கம் வாறேல்லை. ஸ்ட்ரைக்கோ?" என்று கேட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குணவதி பாதியை மிச்சம் வைத்து அவருக்குக் கொண்டுவருவது வழக்கம்.

"அது கொழுக்கட்டை இல்லை."

"அப்ப என்ன?"

குணவதி வாயைத் திறந்தார். பிறகு அவர் கழற்றிய சப்பாத்தை எடுத்து வாசலில் வைத்தார்.

"தெரியாதோ? இரண்டு வருசமாத் திண்டனீர்!"

"நீங்களும்தானே திண்டனீங்கள்."

"நான் உம்மட சிநேகிதியின்ர சாப்பாட்டைத் திண்டனான். நீரல்லோ அவவின்ர சிநேகிதி."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். குணவதி எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அங்கே நின்றபோதுதான் அவருக்கு முழுவதும் விளங்கியது என்று பின்னாளில் சொன்னார். பொய் சொன்னது அந்தச் சனிக்கிழமை மட்டும் இல்லை. அந்த உணவை எர்லிண்டாவின் பெயரில் கொடுக்க அவருக்கு அன்று மனம் வந்திருந்தால்கூட, என்னவென்று சொல்லியிருப்பார்? சொல்ல அவரிடம் சொல் இருக்கவில்லை.

கேட்டால் முடிந்துவிடும். கேட்க வெட்கமாக இருந்தது. வெட்கம் மனிதரைப் புத்தகத்திடம் அனுப்பும். கௌரியை ஒடாஹுஹு நூலகத்துக்கு அனுப்பினார். ஆசியச் சமையல் புத்தகம் ஒன்றில் அவள் படத்தோடு கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். "பிலிப்பைன்ஸ். வாழை இலை, ஒட்டரிசி, தேங்காய்ப்பால். சூமன். இதுதான் அம்மா, ஈசி."

குணவதி அந்தச் சொல்லை மனப்பாடம் செய்தார். அடுத்த நாள், உடுப்பு மாற்றும் அறையில், எர்லிண்டா ஏப்ரனைக் கழற்றும்போது அருகே போய் நின்றார்.

"எர்லிண்டா. நீ கொண்டுவருவது சூமன். இல்லையா?"

எர்லிண்டா ஏப்ரனை மடித்தார். "எங்கே பார்த்தாய்?"

"புத்தகத்தில்."

"புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். அது மணிலாக்காரர் சொல்கிற சொல். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் அவர்கள் பாஷையைத்தான் படிப்பித்தார்கள். நான் செபுக்காரி, குணா." அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கொழும்பில் ஒரு கந்தோரின் கவுண்டரில் குணவதி ஒருமுறை நின்றிருக்கிறார். தகப்பன் இறந்த சமயம். ஊருக்குப் போக லீவு எடுத்த கணவருக்காக ஒரு கடிதம் வாங்க வேண்டும். அவர் தமிழில் கேட்டார். உள்ளே இருந்தவர் கோபப்படவில்லை. இந்த நாட்டில் இருக்கிறீர்கள், இந்த நாட்டுப் பாஷையில், சிங்களத்தில், கேளுங்கள் என்று அன்பாகவே சொன்னார். அந்த அன்பை அவரால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. இங்கே ஒடாஹுஹுவில் மூலைக் கடை வைத்திருந்த இந்தியர் அவரைப் பார்த்த முதல்நாள் ஹிந்தியில் பேசினார். தெரியாது என்றதும், இந்த முகத்தை வைத்துக்கொண்டா என்பதுபோலப் பார்த்தார். ஒருவரை அவர் அயலில் இருக்கிற பெரிய கூட்டத்தின் பெயரால் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று குணவதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை அவர் எர்லிண்டாவுக்குச் செய்துவிட்டு நின்றார். முதலில் தன் சொல்லை வைத்தார். பிறகு மணிலாவின் சொல்லை வைத்தார். எர்லிண்டாவின் சொல்லுக்கு இன்னும் இடம் வரவில்லை.

துயரப்பட்டவர்கள் பிறர் துயரத்தை எளிதில் அறிவார்கள் என்று நம்ப நமக்குப் பிடிக்கும். நான் பார்த்த அளவில் அப்படி ஒரு விதி இல்லை. பட்டது நினைவில் வர, முதலில் தான் செய்தது கண்ணில் பட வேண்டியிருக்கிறது.

இன்னும் மூன்று கிழமை போயிற்று. ஒருநாள் சமோவாப் பெண் பையை ஒட்டிக்கொண்டே, "நீ ஏன் அந்தப் பக்கமே பார்க்கிறாய்? ஸ்குரூ மூன்றுதான் போட்டிருக்கிறாய்" என்றார். அன்று வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு மணி அடித்ததும் குணவதி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு எர்லிண்டாவின் மேசைக்குப் போனார். அங்கே இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். தனியாகச் சந்திக்க அவர் காத்திருக்கவில்லை. தனியாகக் காத்திருந்தால் இன்னொரு மூன்று கிழமை போய்விடும் என்று தெரிந்திருந்தது.

"எர்லிண்டா, இரண்டு வருடம் சாப்பிட்டேன். பேர் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது. அதன் பேர் என்ன?"

எர்லிண்டா தேநீரைக் கீழே வைத்தார்.

"முதலில் நீ சொல். அன்றைக்கு அந்த அம்மாவிடம் என்ன சொன்னாய்?"

"நான் செய்தேன் என்று சொன்னேன்."

"வேறு?"

"கொழுக்கட்டை என்று சொன்னேன். என் அம்மா செய்வா என்று சொன்னேன்."

"உன் அம்மா செய்வாரா?"

"இல்லை."

"என்னை யாரென்று சொன்னாய்?"

இதைச் சொல்லத்தான் குணவதிக்கு நேரம் எடுத்தது. "காரில் கொண்டுவந்து விட்ட ஆள்."

எர்லிண்டா தலையசைத்தார். "அது உண்மைதான். விட்டேன்." பிறகு, "ஏன்?" என்று கேட்டார்.

"நீ வேறு சமயம். உன் கையால் செய்தது என்றால் சாமிக்கு வைக்கமாட்டார்கள் என்று பயந்தேன்."

"வைத்திருக்கமாட்டார்களா?"

"தெரியாது. அவர்களிடமும் நான் கேட்கவில்லை."

எர்லிண்டாவின் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. "முதல்நாள் நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! ஏதோ உன் ஊர் ஆள் ஒருத்தர் வந்ததுபோல. சரி, இருக்கட்டும், அவள் சொல்லை நான் பழகுகிறேன், ஒருநாள் என்னிடம் கேட்பாள் என்று விட்டேன். கிரகாம் 'ஒட்டுற சாமான்' என்கிறார். நீ கொழுக்கட்டே என்கிறாய். குணா, ஆறு வருடமாக இந்த நாட்டில் அந்தச் சொல்லை நான் யாருக்கும் சத்தமாகச் சொன்னதில்லை."

"இப்போ சொல்."

"புட்புட்."

பஸ் என்று சொல்லும்போது வருகிற 'ப'. இரண்டு முறையும் அதே. குணவதி சொல்லிப் பார்த்தார். எர்லிண்டா இல்லை என்று தலையாட்டினார். மறுபடி சொன்னார். மேசையில் இருந்த மற்ற நான்கு பேரும் சொல்லிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய மோட்டார் சைக்கிள் நான்கைந்து ஒன்றாகக் கிளம்பியது போல இருந்தது. எர்லிண்டா இப்போது உண்மையாகவே சிரித்துவிட்டார்.

"உன் சொல்லை நான் ஒரு கிழமை பழகினேன். நீயும் பழகு."

இதோடு முடிந்திருந்தால் குணவதியைப் பற்றி எழுதியிருக்கமாட்டேன். மன்னிப்புக் கேட்டு மன்னிப்பு வாங்குவது, இருவருக்கு நடுவில், அவ்வளவு கடினம் இல்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், கைகூடக் கழுவாமல், அவர் தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா, சதுர்த்திக்கு நான் கொண்டுவந்தது கொழுக்கட்டை இல்லை. புட்புட் எண்டு பேர். செய்தது எர்லிண்டா. அண்டைக்கு என்னோட வந்தவ. நான் இலை சுத்தினது மட்டும்தான்."



"அப்ப பிள்ளையாருக்கு வேதக்காரியின்ர கையாலயோ படைச்சனாங்கள்?"

"ஓம் அக்கா."

"ஏன் பிள்ளை அண்டைக்கே சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்."

"நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?" குரல் உயர்ந்தது. "என்னைக் கேட்டனீரோ? எனக்கே தெரியாது நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு. அதைச் சொல்லுறதுக்கு எனக்கு ஒரு சந்தர்ப்பம் தந்தனீரோ?"

ஒரே நாளில் இரண்டு பேர், இரண்டு பாஷையில், அதே இடத்தில் கை வைத்தார்கள்.

"நீங்கள் ரெண்டு கேட்டு வாங்கினீங்கள் அக்கா," என்றார் குணவதி.

"நல்லாயிருந்தது, வாங்கினன். அது வேற கதை." போனை வைத்துவிட்டார்.

தைப்பொங்கல் பட்டியலில் குணவதியின் பெயருக்கு நேரே 'கடதாசித் தட்டு, வாழைப்பழம்' என்று இருந்தது. சித்திரை வருடப் பிறப்புக்கும் அதேதான். கதிர்காமநாதன், "முன்னேற்றம்தான். மண்டபம் கூட்டுறதிலயிருந்து தட்டு வரைக்கும் வந்திட்டீர்" என்றார். குணவதி தட்டும் பழமும் வாங்கிக்கொண்டு போனார். அன்னபாக்கியம் அக்கா அவரோடு கதைத்தார், சிரித்தார்; அடுப்புக்கு மட்டும் விடவில்லை. அது எர்லிண்டாவின் சிலுவைக்காகவா, தன்னை நம்பாமல் விட்டதற்காகவா என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. குணவதி கேட்டுப் பார்த்திருக்கலாம். அதை அவர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒருவர் ஒரே வருடத்தில் கற்றுவிடுவதில்லை.

ஜெயாதான் ஒருநாள் கூப்பிட்டார். "அக்கா, அன்னபாக்கியம் ஆன்ட்டி எல்லாம் சொன்னாங்க. கோவிச்சுக்காதீங்க. அது பேரு என்ன சொன்னீங்க? எங்க அம்மாகிட்டச் சொல்லணும்." குணவதி சொன்னார். ஜெயா சரியாகச் சொல்லும்வரை விடவில்லை.

எர்லிண்டா பழைய பெஞ்சுக்குத் திரும்பி வர எண்பத்தெட்டு மார்கழி ஆயிற்று. உடனே வரவில்லை; சமோவாப் பெண் வேறு வேலைக்குப் போன பிறகுதான் வந்தார். வந்த முதல் வெள்ளிக்கிழமை துணியை அவிழ்த்து ஒரு சோடியை மேசையில் வைத்தார். பக்கத்தில் பை வெட்டும் கத்தரிக்கோல் கிடந்தது. குணவதி அதைத் தொடவில்லை. நார் முடிச்சில் நகத்தை வைத்து மெதுவாக நெகிழ்த்தினார். மேல்கட்டு அவிழ்ந்தது. கீழ்க்கட்டில் விரல் நின்றது.

"எர்லிண்டா, இந்தக் கட்டுக்கு உங்கள் பாஷையில் என்ன பேர்?"

எர்லிண்டா கொஞ்சம் யோசித்தார். "அதற்குப் பேர் இல்லை. சும்மா ஒரு கட்டு."

"வடிவாக யோசித்துப் பார்."

"யோசித்துவிட்டேன். இல்லை. ஐயோ குணா, ஆறப்போகிறது, சாப்பிடு."